மீன் மங்கையின் பதினோரு கட்டுரைகள்

அய்யோ, இல்லக்கா, யாரும் தவறல. நீங்க பயப்படாதீங்க. "நான் உயிரோடதான் இருக்கேன், நாளைக்கு நேர்ல வர்றேன், பாத்துக்கோங்க"ன்னு போன்ல கத்திட்டேன்ல, அதான் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. முன்சீட்டுக்காரரு கூடத் திரும்பிப் பாத்துட்டாரு. செத்துப்போனதாச் சொல்றது என்னைத்தான். என்னையேதான்க்கா. சிரிக்காதீங்க. காலைல மதுரைல வண்டி ஏறினதுல இருந்து பதினாலு பேருக்குச் சொல்லியாச்சு, நான் சாகலன்னு. பத்தாவது ஆளுக்குச் சொல்றப்ப எனக்கே லேசாச் சந்தேகம் வந்துருச்சு. ஜன்னல் கண்ணாடில மூஞ்சியப் பாத்துக்கிட்டேன்.

டாக்டரான்னு கேக்குறீங்களா? டாக்டர்தான், ஆனா ஊசி போடுற டாக்டர் இல்ல. மூளையப் பத்தி ஆராய்ச்சி. எலி மூளை. எலியை வளைஞ்சு வளைஞ்சு போற பெட்டில விட்டு, வழியை எப்படி ஞாபகம் வெச்சுக்குதுன்னு பாப்பேன். இருபது வருஷமா இதேதான். எங்க மாமியாரு கேப்பாங்க, "ஊரு உலகமெல்லாம் எலியை அடிக்குது, நீ அதுக்கு வழி சொல்லிக் குடுக்குறியா"ன்னு. அவங்க போக்கு அது.

நாளைக்குச் சென்னைல எனக்கு நேர்காணல். பேராசிரியர் பதவிக்கு. மூணாவது தடவை போறேன்க்கா. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் போன வருஷம் பேராசிரியர் ஆயிட்டான். வராந்தால பாத்தா "வணக்கம் மேடம்"னு குனியுறான். அந்தக் குனிவுதான் என்னால தாங்க முடியல. இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிரும். அப்புறம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இணைப் பேராசிரியர்தான். பெட்டிசன் போட்டாலும் நடக்காது.

எங்க பொழப்பு எப்படின்னா... நீங்க ஒரு வத்தக்குழம்பு வெக்கிறீங்க. அடுத்த தெருக்காரி அதே மாதிரி வெச்சுட்டு, "இது இன்ன அக்கா சொன்ன பக்குவம்"னு உங்க பேரைச் சொன்னா, அது ஒண்ணு. அதுக்கு மேற்கோள்னு பேரு. எத்தனை பேரு உங்க பேரைச் சொன்னாங்கன்னு எண்ணிக்கிட்டே இருக்கும் ஒரு இணையதளம். பத்துக் கட்டுரை எழுதி, ஒவ்வொண்ணையும் பத்துப் பேராவது சொல்லியிருந்தா உங்க எண் பத்து. நூறு எழுதியும் ஒருத்தன் சீண்டலன்னா முட்டை. நாளைக்கு உள்ள கூப்பிடணும்னா அந்த எண் குறைஞ்சது பத்து இருக்கணும். எனக்குப் பன்னண்டு இருக்கு.

இருக்குன்னு காட்டுது. சரியாச் சொல்லணும்ல.

உண்மையான எண்ணா? நாலு. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ.

மிச்சம் மீன் மங்கையோடது. என் பேரு மங்கையர்க்கரசி. எங்க ஆய்வுக்கூடத்துல இன்னொரு மங்கையர்க்கரசி இருந்தா. அவ மீனை வெச்சு ஆராய்ச்சி, விரல் நீளம்கூட இருக்காது, கோடு கோடா இருக்கும். அதனால அவ மீன் மங்கை, நான் எலி மங்கை. பியூன்ல இருந்து டீன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்தான், மேஜைக்கு நடுவுல ஒரு பீரோ. அவ சோத்து டப்பாவத் திறந்தா எனக்கு இங்க வாசம் வரும். நல்லவதான். ரொம்ப நல்லவ. கொஞ்சம் கூடுதலாவே நல்லவ, அது ஒரு மாதிரி எரிச்சலா இருக்கும்.

இதுல கூத்தைக் கேளுங்க. எனக்கு எங்க அப்பா பேரு பெருமாள். மொத மூணு கட்டுரை "பி. மங்கையர்க்கரசி"ன்னுதான் எழுதினேன். கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கப் போறோம், எங்க வீட்டுக்காரரு பேரு சண்முகராஜன், "இனிஷியல மாத்திடு, நாளைக்கு விசா அது இதுன்னு அலையணும்"னாங்க. மாத்திட்டேன். எங்க அப்பாகிட்டச் சொன்னேன், "உனக்கு எது வசதியோ அப்படிச் செய்யும்மா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் எஸ். மங்கையர்க்கரசி ஆயிட்டேன். அவ அப்பா பேரு சிவஞானம். அவளும் எஸ். மங்கையர்க்கரசி. என் மொத மூணு கட்டுரையும் அனாதையாப் போச்சு. அந்த இணையதளத்துல "பி. மங்கையர்க்கரசி"ன்னு யாரோ ஒருத்தி மூணே மூணு கட்டுரையோட தனியா நிக்கிறா, போட்டோ கூட இல்லாம. ஒரு இனிஷியல மாத்தினதுக்கு எனக்கு நட்டம்னா, லாபமும் வரத்தானே செய்யும்? அப்படித்தான்க்கா நான் எடுத்துக்கிட்டேன்.

அவ போய் நாலு வருஷம் ஆச்சு. ரத்தப் புற்று. நாப்பத்தோரு வயசு.

அவ போன ரெண்டாம் வருஷம், அந்த இணையதளமே அவளோட பதினோரு கட்டுரையையும் கொண்டாந்து என் பக்கத்துல சேத்துருச்சு. நான் ஒண்ணும் செய்யல. மெசினு செஞ்சது. பேரு ஒண்ணு, காலேஜ் ஒண்ணு, கூடம் ஒண்ணு, அதுக்கு என்ன தெரியும்? நாலா இருந்த எண்ணு ஒரே நாள்ல பன்னண்டு. பாத்துட்டு உக்காந்துட்டேன். சரி பண்ணணும்னுதான் நெனைச்சேன். அடுத்த வாரம் பண்ணலாம்னு நெனைச்சேன். அந்த வாரம் டீன் வந்து, "என்னம்மா எலி மங்கை, உலகமே உன் பேரைச் சொல்லுதாமே"ன்னாரு. பதினெட்டு வருசத்துல அவரு என் ரூமுக்குள்ள வந்தது அதான் மொதத் தடவை. அவரு முன்னாடி போய், "சார், அது நான் இல்ல, செத்துப்போனவ"ன்னா சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. மெயில் வர ஆரம்பிச்சுது.

போர்ச்சுகல்ல இருந்து ஒருத்தரு. வயசானவரு, மரியாதையா எழுதுவாரு. மீன் மங்கை என்ன கண்டுபிடிச்சான்னா, ஒரு தடவை பயந்த மீன் அந்தப் பயத்தை எப்ப மறக்கும், எப்படி மறக்கும்னு. பெரிய விசயம்க்கா அது. மீன் மறக்குறது தெரிஞ்சா, மனுசன் மறக்குறதுக்கு வழி கிடைக்கும்ல. சண்டைல அடிபட்டு வந்தவங்க, விபத்துல பிள்ளையப் பறிகொடுத்தவங்க, இவங்களுக்கெல்லாம். அந்தப் போர்ச்சுகல்காரரு அவ செஞ்சதையே செஞ்சு பாக்குறாரு, வரல. "மூணாவது படியில் நான் தவறு செய்கிறேனா, தயவுசெய்து சொல்லுங்கள் டாக்டர் மங்கையர்க்கரசி"ன்னு எழுதுறாரு. டாக்டர் மங்கையர்க்கரசின்னா நான்தானே. பதில் போடாம இருக்குறது மரியாதை இல்லையே.

நோட்டு என்கிட்ட இருந்துச்சு. அவளோட மூணு நோட்டு. ஆஸ்பத்திரில கடைசியாப் பாக்கப் போனப்ப, தலகாணிக்கு அடியில இருந்து எடுத்துக் குடுத்தா. "நஸ்ரின்கிட்ட குடுத்துடு மங்கை, அவ முடிச்சுருவா"ன்னா. நஸ்ரின் அவகிட்ட ஆராய்ச்சி பண்ணின பொண்ணு. குடுக்கணும்னுதான் வாங்கினேன். அப்ப ஊரடங்கு. அப்புறம் அந்தப் பொண்ணு சென்னைக்கு வேற காலேஜுக்குப் போயிருச்சு. அப்புறம் எங்க வீட்ல பெயிண்ட் அடிச்சோம், சாமானெல்லாம் மாத்தினதுல எங்க இருக்குன்னே தெரியல. அப்புறம் கிடைச்சுது. அப்படியே இருந்துருச்சு. நான் என்ன பழைய பேப்பர்காரனுக்காப் போட்டேன்? வீட்டு பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுலதான் வெச்சிருந்தேன்.

நோட்டைக் காலேஜ் ரூமுக்குக் கொண்டுபோய், படிச்சுப் படிச்சு பதில் எழுதினேன். மொத மெயிலுக்கு நாலு நாள் ஆச்சு. அப்புறம் அவ எழுத்து பழகிருச்சு. ஓரத்துல கிறுக்கி வெச்சிருப்பா, "ஏழாம் நம்பர் மீனுக்கு இன்னிக்கு என் மேல கோவம்"னு. ஒரு இடத்துல, "இதை எலி மங்கையிடம் கேட்க வேண்டும், அவளுக்குத் தெரியும்"னு எழுதியிருந்தா. என்கிட்ட அவ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அது வேற விசயம்.

ஒரு நாள் அந்த மனுசன் ரொம்ப நொந்து எழுதியிருந்தாரு. ஆறு மாசம் போச்சு, எதுவும் வரல, விட்டுடலாம்னு இருக்கேன்னு. நான் மத்தியானம் சாப்பிட்டுக் கையக் கழுவிட்டு வந்து உக்காந்து எழுதுறேன்: "மீனை முதல் முறை பயமுறுத்திய அன்றைக்கு மட்டும் தண்ணீரை இரண்டு டிகிரி குறைத்து வையுங்கள். மறுநாள் பழையபடி ஏற்றிவிடுங்கள்." அனுப்பிட்டேன். அனுப்பிட்டுத்தான் யோசிக்கிறேன், இது எங்க இருந்து வந்துச்சு? நான் எலிக்காரிக்கா. மீன் தொட்டிக்குள்ள ஒரு நாளும் கைய விட்டதில்ல. மூணு நோட்டையும் எடுத்து வரிவரியாத் தேடினேன். இல்ல. எங்கயுமே இல்ல. அவ்வளவு நேரம் ஆகியும் கையில இருந்த ஈரம் காயல, உள்ளங்கை சில்லுன்னு இருந்துச்சு. பீரோவுக்கு அந்தப் பக்கம் அவ நாற்காலி. யாரும் உக்காரல. யாரும் இல்ல. ஆனா நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன்.

மூணு வாரம் கழிச்சு அவரு எழுதினாரு, வந்துருச்சுன்னு. பத்துக்கு ஒன்பது மீனு மறந்துருச்சாம். "நீங்கள் இல்லையென்றால்"னு ஆரம்பிச்சு என்னென்னவோ எழுதியிருந்தாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? அழுதேன். அன்னில இருந்து நான் ரூம்ல தனியா உக்காருறதில்ல. பியூனக் கூப்பிட்டு ஏதாவது ஒரு சாக்குல நிறுத்தி வெச்சுக்குவேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வாரம் அந்த இணையதளத்துல, என் பக்கத்துல, புதுசா ஒரு கட்டுரை வந்து உக்காந்திருக்கு. பன்னண்டாவது. எஸ். மங்கையர்க்கரசி, நஸ்ரின் பானு. நாலு வருஷமா அந்தப் பொண்ணு விடாம உழைச்சு, அவ பாதியில விட்டதை முடிச்சு, குருவோட பேரை முன்னாடி போட்டு வெளியிட்டிருக்கு. முன்னாடி போட்டிருக்குக்கா! இந்தக் காலத்துல யாரு செய்வா? பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிலுவைக் குறி. கீழ பாத்தா, "இவர் காலமாகிவிட்டார்"னு. அந்த மெசினுக்குத்தான் மூளை கிடையாதே. என் பக்கத்துல, என் போட்டோவுக்குக் கீழ, நான் மஞ்சப் பட்டுல ஈன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கேன், "மறைந்த ஆய்வாளர்"னு போட்டுருச்சு.

அவ்வளவுதான், ஊரெல்லாம் ஒப்பாரி. எங்க டிபார்ட்மென்ட் வாட்ஸாப்ல எவளோ என் போட்டோவுக்குப் பூ வெச்சு அனுப்பிட்டா. என்கூட நித்தம் டீ குடிக்கிறவ அதுக்குக் கண்ணீர் பொம்மை போட்டிருக்கா. எதிர்ல உக்காந்துக்கிட்டே! ஜப்பான்ல இருந்து, ஜெர்மனில இருந்து, "அன்னாரின் குடும்பத்தாருக்கு"ன்னு மெயிலு. எழுதினதெல்லாம் எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க தெரியுமா? நான் உக்காந்து படிச்சேன். ஒரு வரி கூட என்னைப் பத்தி இல்ல. எலின்னு ஒரு வார்த்தை இல்லக்கா. நான் நெசமாவே செத்தா இதுல பாதி வருமா? கால்வாசி?

அந்தப் பொண்ணோட கட்டுரையைப் படிச்சேன். படிக்காம இருக்க முடியல. ஒரு இடத்துல எழுதியிருக்கு: "குறிப்பேடுகள் தொலைந்துவிட்டதால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது." தொலைஞ்சு போச்சாம். தொலையலயே! பத்திரமாத்தானே இருக்கு. ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? அதைப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. அப்புறம் அடுத்த பக்கம். "முதல் நாள் மட்டும் தண்ணீரின் வெப்பத்தை இரண்டு டிகிரி குறைத்தோம். இது எங்கும் எழுதப்படாத குறிப்பு. இறப்பதற்கு இரண்டு நாள் முன் அவர் தொலைபேசியில் என்னிடம் மட்டும் சொன்னது."

என்னிடம் மட்டும்.

பாருங்க, கையெல்லாம் புல்லரிச்சிருச்சு. ஒவ்வொரு தடவை நெனைக்கிறப்பவும் இப்படித்தான். அப்ப எனக்கு யாருக்கா சொன்னது? அவதானே வந்து சொல்லியிருக்கணும்? அவளே என் கைய எடுத்து எழுதுறான்னா, அவளே சம்மதிச்சுட்டான்னுதானே அர்த்தம்? அது எப்படித் திருட்டாகும்?

திருட்டுன்னு நீங்க சொல்லல. தெரியும். நான்தான் சொன்னேன்.

இப்ப பேசினது அருளப்பன், நாளைக்கு நேர்காணல் நடத்துறவங்க ஆபீஸ்ல கண்காணிப்பாளர். தங்கமான மனுசன். "மேடம், பெரிய குழப்பமா இருக்கு. ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒருத்தர் காலமாயிட்டாருங்குறாங்க, நீங்க இருக்கேங்குறீங்க. ஒண்ணும் வேண்டாம், ஒரே ஒரு வரி மெயில் போடுங்க. அந்தக் கட்டுரைகள்ல இருக்குற எஸ்ஸுக்கு விரிவு என்ன? அதை வெச்சு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். செங்கல்பட்டு வர்றதுக்குள்ள அனுப்பிடுங்க, கமிட்டி உக்காந்திருக்கு"ங்குறாரு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. சண்முகராஜன்னு போட்டா நான் உயிரோட இருக்கேன். ஆனா அப்பட்டமான பொய், அவ மொதக் கட்டுரை எழுதுறப்ப எங்க வீட்டுக்காரரை எனக்கே தெரியாது, தேதியப் பாத்தாலே மாட்டிக்குவேன். சிவஞானம்னு போட்டா கட்டுரை பதினொண்ணும் சரி, எண்ணு பன்னண்டும் சரி, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. கேட்டா, அது எங்க அப்பா பேருன்னு சொல்லிக்கலாம். மறைந்தவர்னு வந்தது மெசின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். அதுவே நெசம்தானே, பாதி.

ரெண்டும் இல்லாம ஒண்ணு இருக்குன்னு சொல்ல வர்றீங்க. அவளோடது அவளோடதுன்னு எழுதிடுன்னு. நீங்க சொல்லாட்டியும் உங்க மூஞ்சி சொல்லுதுக்கா. எழுதிட்டு? அடுத்த ஸ்டேசன்ல இறங்கி மறுவண்டியப் பிடிச்சு மதுரைக்குப் போய், அந்தப் பையன் குனியுறதப் பாத்துக்கிட்டு உக்காரவா? நாலுக்கு இந்த ஊருல மதிப்பில்லக்கா.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். மெசினு தானாச் சேத்துச்சுன்னேன்ல. அது கேட்டுச்சு. "இவை உங்கள் கட்டுரைகளா"ன்னு. நான் ஆமாம்னு அமுக்கினேன். கை பட்டுருச்சுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். பதினோரு தடவை கேட்டுச்சு, ஒவ்வொண்ணாக் காட்டி. பதினோரு தடவையும் கை பட்டுச்சு.

இருங்க. அனுப்பிடுறேன், நேரமாச்சு.

...

அனுப்பிட்டேன். சிவஞானம்னு போட்டுட்டேன். இங்கிலீஷ்ல பத்தே எழுத்துதான், கை தடுமாறவே இல்ல. எங்க அப்பா பேரு எந்த ஊர்ப் பத்திரத்துலயும் இனிமே இல்ல. மாத்துறப்ப போனது பாதி, இப்ப முழுசாப் போச்சு. எழுபத்தெட்டு வயசு அவருக்கு. "என் மகளுக்கு நாளைக்குப் பெரிய இன்டர்வியூ"ன்னு காலைல பால்காரர்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

நான் அழலக்கா. தூசி.

ஒரே ஒரு உதவி கேப்பேன், செய்வீங்களா? நான் தாம்பரத்துலயே இறங்கிடப் போறேன். திருச்சி தாண்டினதும் ஒரு போன் வந்துச்சே, நான் கதவுகிட்டப் போய்ப் பேசினேனே, அது நஸ்ரின். போர்ச்சுகல்காரரு துக்கம் விசாரிச்சு அவளுக்கும் எழுதியிருக்காரு, "போன மாதம் வரைக்கும் பதில் எழுதினாரே"ன்னு. என் பதிலையெல்லாம் அனுப்பியிருக்காரு. அந்தப் பொண்ணு திட்டும்னு நெனைச்சேன். திட்டிருந்தாத் தேவல. அழுகுது. "அது மேடத்தோட பேச்சு மேடம், அப்படியே மேடம் பேசுற மாதிரியே இருக்கு. நோட்டு உங்ககிட்ட இருந்தாக் குடுங்க மேடம், நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டேன், ஒரு தடவை அந்தக் கையெழுத்தைப் பாத்துக்கிறேன்"குது. எந்த வண்டி, எந்தப் பெட்டின்னு கேட்டா. நான் வாய் தவறிச் சொல்லித் தொலைச்சுட்டேன். எழும்பூர்ல வந்து நிப்பா. மூணு நோட்டும் என் கைப்பைலதான் இருக்கு. நாளைக்கு மீனைப் பத்திக் கேட்டாச் சொல்லணும்ல, அதுக்காக எடுத்துட்டு வந்தேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேணும். முடிஞ்சதும் தபால்ல அனுப்பிடுவேன், சத்தியமா.

நீங்க எழும்பூர் வரைக்கும் போறீங்கல்ல? வண்டி நின்னதும் உள்ள ஏறி வந்துரும் அந்தப் பொண்ணு. மெலிசா இருக்கும், கண்ணாடி போட்டிருக்கும். "மங்கையர்க்கரசி மேடம் இங்கதானே உக்காந்திருந்தாங்க"ன்னு கேக்கும். இந்த சீட்டு மதுரைல இருந்தே காலியாத்தான் வந்துச்சுன்னு சொல்லிடுங்கக்கா. நம்பிரும். நீங்க சொன்னா நம்பிரும்.